பயனர் 4417 நின்ற இடங்கள்

4417 எப்போதும் கீழிருந்து மேலே படிப்பாள்.

ஆய்விதழ்த் தேடல் பக்கம் ஒரு தடவைக்கு இருபது தலைப்புகள் காட்டும். மற்றவர்களுடைய கண் முதல் தலைப்பில் இறங்கும், இரண்டாவதில் தடுக்கும், மூன்றாவதில் களைத்துவிடும். ஐந்தாவதைத் தாண்டுகிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் தேறினால் அதிகம். 4417 இருபதாவதில் தொடங்குவாள். பத்தொன்பது, பதினெட்டு என்று நின்று நின்று ஏறுவாள், மொட்டைமாடிக்கு ஈரத்துணி வாளி சுமந்து போகிறவளைப் போல.

காலையில் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்ததும் எட்வின் செய்கிற முதல் வேலை அவளைப் பார்ப்பதுதான். கேண்டீன் டீ ஆறுவதற்குள் நேற்றைய வரைபடத்தைத் திறப்பான். வெள்ளைப் பக்கத்தில் சாம்பல் நிறத் தலைப்புகள். கண் நின்ற இடத்திலெல்லாம் ஆரஞ்சு வட்டம். அதிக நேரம் நின்றால் பெரிய வட்டம். உப்பளத் தொழிலாளரின் கண் சதை வளர்ச்சி பற்றிய ஒரு தலைப்பில் பதினான்கு நொடி. வெயிலின் கூச்சத்தை அளக்கும் முறை பற்றி இன்னொன்றில் ஒன்பது நொடி, போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி ஆறு நொடி.

அவள் திரும்பி வந்தால் எட்வினுக்கு அன்றைய நாள் பரவாயில்லாமல் போகும்.

4417 அவன் மனைவி ஹெப்சிபா. இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

நூலகத்தில் யார் எதைத் தேடுகிறார்கள், தேடியது வந்தபின் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்காமல் விடுகிறார்கள் என்று அளப்பது எட்வின் வேலை. கணினிகளுக்கெல்லாம் சென்சார் பொருத்திய வாரத்தில் ஹெப்சிபா வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"ஸ்கிரீனுக்கு மேல பொட்டு மாதிரி ஒண்ண ஒட்டி வச்சிருக்கியளே, அது என்ன?"

"கண்ணு எங்க நிக்குதுன்னு பாக்கும்."

"கண்ணையா? நாங்க கிளிக் பண்ணுறது போதாதா ஒங்களுக்கு?"

"கிளிக் பண்ணதுதான் தெரியும். பண்ணாம விட்டது தெரியாதுல்லா. ஒரு தலைப்புல எட்டு செகண்ட் நின்னுட்டு வேண்டாம்னு போனா அதுவும் ஒரு சேதிதான. ஆறு மாசத்துல ஒன் பார்வை மாதிரியே ஒண்ணு உருவாயிரும். நிழல்னு சொல்லுதோம். அடுத்த தடவ நீ தேடும்போது ஒனக்கு வேண்டியத அது எடுத்து அடுக்கி வச்சிரும்."

"நான் வராத அன்னைக்கு?"

"புதுசா வந்த கட்டுரைய எல்லாம் அது தானா பாத்து வைக்கும். ஒத்திகை."

"அப்போ நான் குறட்டை விட்டுட்டுக் கெடப்பேன், அது ஒக்காந்து படிக்கும். பட்டத்த யாருக்குக் குடுப்பிய? எனக்கா, அதுக்கா?"

பதிவில் பெயர் வராது, எண் மட்டும் வரும். மூன்றாம் மாதம் ஒரு வரைபடம் தலைகீழாக வந்தது. சென்சார் கோளாறு என்று எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து சொன்னான். ஹெப்சிபா சோற்றுக் கையோடு சிரித்தாள்.

"கோளாறெல்லாம் இல்ல. நாந்தான் அது."

"ஏன் அப்படிப் படிக்க?"

"மேல இருக்கத எல்லாரும் படிக்காவ. கீழ கெடக்கதுக்கு யாரு இருக்கா?"

பிறகு மூளைக்காய்ச்சல். ஒன்பது நாள். சமுதாய மருத்துவத் துறையில் அவளுடைய ஆய்வு பாதியில் நின்றது. நிழல் மட்டும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எட்வின் நினைத்தான். அது ஹெப்சிபா இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவள் எங்கே நின்றிருப்பாளோ அங்கே அது நின்றது. அவனுக்கு அது போதும்.

அட்டவணையில் ஒரு பத்தி உண்டு: ஒத்திகையா, நேரடியா என்று காட்டும். இறுதிச்சடங்கு முடிந்து வேலைக்கு வந்த அன்றே எட்வின் அந்தப் பத்தியை மறைத்து வைத்துவிட்டான். ஒத்திகை என்ற சொல்லை நாள்தோறும் பார்க்க வேண்டாம் என்று.

திங்கட்கிழமை நூலகர் சண்முகவடிவு அவன் அறைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற அம்மாள். எப்போதும் நின்றுகொண்டுதான் பேசுவார். உட்கார்ந்தால் விஷயம் பெரிது.

"எட்வினு, தணிக்கைக்கு வாராவளாம்யா. ஒவ்வொரு நம்பருக்கும் உயிரோட ஆள் இருக்கான்னு வெள்ளிக்கெழமைக்குள்ள நாம கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"குடுத்துருவோம் மேடம்."

"இறந்தவங்களோடத குடும்பத்து ஆளு எழுதிக் குடுக்கணும். தேதியோட." சண்முகவடிவு மேசை மேலிருந்த டீ கிளாசை நகர்த்தி வைத்தார். "பத்து மாசம் நான் கண்ண மூடிட்டுத்தான் இருந்தேன். நீயா எழுதுவன்னு."

"அது ஒத்திகைதான் மேடம். யாருக்கும் எடஞ்சல் இல்ல."

"ஒத்திகைக்கு சீட்டு நம்பர் வருமாய்யா?"

எட்வின் நிமிர்ந்தான்.

"எனக்கு வந்த லிஸ்டுல இருக்கு. 4417, ஒன்பதாம் நம்பர் சீட்டு, போன வெள்ளிக்கெழம மத்தியானம் ரெண்டு நாப்பது. நீ பாக்கலியா?"

சண்முகவடிவு போனபின் அவன் அந்தப் பத்தியைத் திறந்தான். ஹெப்சிபா இறந்த பிறகு ஒத்திகை நாற்பது நாள் மட்டும் நடந்திருந்தது. ஆள் வராத நிழல் நாற்பது நாளில் தானாக நின்றுவிட வேண்டும் என்ற விதியை எழுதியவனே அவன்தான். அதற்குப் பிறகு வரிசையாக ஒரே சொல். நேரடி, நேரடி, நேரடி. இருநூற்றுப் பன்னிரண்டு தடவை.

கீழே இறங்கினான். ஒன்பதாம் இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். வலப்பக்கம் கோடு போட்ட நோட்டு. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே படித்தாள். விரல் திரையின் அடியில் இருந்தது. மெல்ல ஒரு வரி மேலே போனது.

"இது யாரு லாகின்?"

அவள் எழுந்துவிட்டாள். நோட்டு கீழே விழுந்தது.

"சார், எடுத்ததும் கம்ப்ளெயிண்டு எழுதிராதிய சார். சொல்லிருதேன். எங்க லேப்புல கீபோர்டுக்கு அடியில ஒட்டிருந்திச்சி. புதுசா யாரு வந்தாலும் சொந்த லாகின் வார வரைக்கும் அதத்தான் போடுவாவ. யாரோ பழைய அக்காவோடதாம். படிச்சி முடிச்சிட்டுப் போய்ட்டாவன்னு நெனச்சேன்."

"முடிக்கல" என்றான் எட்வின்.

அவள் பெயர் பேச்சித்தாய். முத்தையாபுரத்துக்காரி. அம்மா உப்பளத்தில் உப்பைக் கூட்டி வாரும் வாருகோல் இழுக்கிறவள். ஒரு கண்ணில் சதை மூடிவிட்டது, மறு கண்ணில் ஏறிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச்சித்தாயின் ஆய்வும். ஒரே துறை, ஒரே வழிகாட்டி. ஹெப்சிபா விட்ட இடம் காலியாகக் கிடந்ததால் அவளுக்குக் கிடைத்த இடம் அது.

"ஒங்களுக்குச் சொந்த லாகின் இன்னுமா வரல?"

"வந்து ஏழு மாசம் ஆச்சி சார்."

"பின்ன எதுக்கு இது?"

பேச்சித்தாய் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "என் நம்பர்ல போட்டா பள்ளிக்கொடத்துப் பிள்ளைக்கு வாரத எடுத்துப் போடுது சார். காலேஜுல படிக்கும்போதே எனக்கு நிழல் எடுத்துட்டாவ. நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ்ல ஒரு வரிய மூணு தடவ படிப்பேன். புரியாம இல்ல, ஒரு சந்தேகத்துக்குத்தான். அது இவளுக்குப் புரியலன்னு முடிவு கட்டிட்டு. அன்னையிலேருந்து 'கண்ணைப் பாதுகாக்கப் பத்து வழிகள்'தான் எனக்கு. அம்மைக்குக் கண்ணே போச்சி, பத்து வழிய வச்சி நான் என்ன செய்ய?"

"கீழேருந்து படிக்கியளே. அது யாரு சொல்லித் தந்தா?"

"யாரும் சொல்லல. இந்த லாகின்ல நல்லது பூரா கீழதான் சார் கெடக்கு. மொதல்ல நானும் மேலேருந்துதான் பாத்தேன். ரெண்டு நாள்ல புரிஞ்சிட்டு. இங்கன பாருங்க, இருபதாவது. இந்த மாதிரி கட்டுரை ஒண்ணு இருக்குன்னு எங்க சாருக்கே தெரியாது."

அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஹெப்சிபாவின் கண் முதலில் அடியில் விழும் என்று நிழல் கற்றுக்கொண்டது. அவளுக்கு வேண்டியதை அடியில் கொண்டுபோய் வைத்தது. அவளை ஒருநாளும் பார்க்காத ஒருத்தி அதைத் தேடி அடிக்குப் போனாள். தினமும் காலையில், டீ ஆறுவதற்குள், அவன் பார்த்த ஆரஞ்சு வட்டங்கள் இந்தப் பெண்ணுடையவை. வெயில் கூச்சத்தில் ஒன்பது நொடி நின்று, போய், திரும்பி வந்தவள் இவள்.

"நாளையிலேருந்து இதப் போடாதீங்க" என்றான்.

"கம்ப்ளெயிண்டு எழுதினா ஒரு வருசம் உள்ள விட மாட்டாவளே சார்."

"எழுதல. போடாதீங்க, அவ்வளவுதான்."

அவள் நோட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்து மாதமாக எதுவும் வந்ததில்லை.

புதன்கிழமை காலை 4417இன் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. டீ ஆறி ஆடை படிந்தது.

அன்று மாலை பேச்சித்தாயின் சொந்த எண்ணைத் திறந்து பார்த்தான். அவள் உள்ளே வந்திருந்தாள். அதே தேடல். தேடுபொறி பத்து வழிகளை முதலில் வைத்திருந்தது, பிறகு ஒரு விளக்கப்படம், பிறகு குழந்தைகளுக்கான கண் பயிற்சி. அவள் கண் நேராக இருபதாவதுக்குப் போயிருந்தது. அங்கே ஒரு கண்ணாடிக் கடைக்காரர் எழுதிய ஆலோசனை. பத்தொன்பது, பதினெட்டு என்று மேலே வந்திருந்தாள். ஒன்றுமில்லை. அடுத்த பக்கம். அங்கேயும் அடியிலிருந்து. அடுத்த பக்கம். கால் மணி நேரத்தில் பதினேழு பக்கங்கள். பெரிய வட்டம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கடுகு கடுகாக, ஒரு நொடி, அரை நொடி. கடைசிப் பக்கத்தின் நடுவில் கண் நின்றுவிட்டது. எந்தத் தலைப்பிலும் இல்லை, இரண்டு தலைப்புகளுக்கு நடுவே வெற்றிடத்தில்.

அன்றைய நடமாட்டத்தைப் பார்த்துப் பொறி அவளைப் பற்றிக் குறிப்பு எழுதியிருந்தது: கவனம் சிதறும் வாசகர். எளிய கட்டுரைகள் பரிந்துரைக்கப்படும்.

எட்வின் 4417இன் கடந்த எட்டு மாத மதிப்பீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அதே பொறி, அதே பெண், வேறு எண். ஆழ்ந்து வாசிப்பவர், முதல் தரம். திறந்த கட்டுரைகளில் சராசரியாக நாற்பது நிமிடம் இருந்திருக்கிறாள். ஒரு வரியை மூன்று தடவை படித்ததை இந்த எண்ணில் பொறி ஈடுபாடு என்று எழுதி வைத்திருந்தது.

நல்லது கிடைத்தது, படித்தாள். இதில் அளப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவன் முதல் முறையாக யோசித்தான்.

வியாழக்கிழமை சண்முகவடிவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு அத அப்படியே குடுத்துர முடியாதா?"

"ஒருத்தர் நிழல இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாது மேடம். சட்டம்."

"பிரிக்க முடியாதா? பொது கம்ப்யூட்டர்ல ரெண்டு பேரு பார்வை கலந்துட்டுன்னா பிரிச்சி எழுத ஒரு படிவம் உண்டே."

"பால்ல தண்ணி கலந்த மாதிரி மேடம். இது யாரு, அது யாருன்னு பொறிக்குத் தெரியாது. நாம ஒரு தேதியச் சொன்னா மட்டும் பிரிக்கும். இன்ன தேதி வரைக்கும் ஒருத்தர், அதுக்கப்புறம் இன்னொருத்தர்னு."

"சொல்லேன்யா."

எட்வின் அவர் மேசையிலிருந்த நாட்காட்டியைக் கவிழ்த்து வைத்தான்.

"அப்புறம் இருக்க எட்டு மாசமும் அவ படிச்சதுதான? அதுலேருந்து அவளுக்குன்னு ஒண்ணு புதுசா வரும்லா?"

"வரும். பழையது அழிஞ்சிரும்."

சண்முகவடிவு இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்து வைத்தார். ஒரே பக்கம்தான். நடுவில் ஒரு கட்டம்: முந்தைய பயனர் இறந்த தேதி. கல்லறைத் தோட்டத்தில், வங்கியில், ரேஷன் கடையில், எல்லா இடத்திலும் அந்தத் தேதியை ஹெப்சிபாவின் அண்ணன்தான் எழுதினான். எட்வின் எங்கேயும் எழுதியதில்லை.

"எனக்கு நீ எழுதணும்னு இல்ல" என்றார் சண்முகவடிவு. "நாளைக்கு நானே போட்டு அனுப்பிருவேன். ஆனா நான் போட்டா முழுசா மூடத்தான் முடியும். பிரிக்கணும்னா குடும்பத்து ஆளு கை வேணும்."

பிரிப்பதற்கு முன் ஒரு வேலை இருந்தது. பொறி ஒதுக்கித் தள்ளிய பதிவு வரிகளை ஒரு ஆள் கண்ணால் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். செல்லாதவை என்று அவற்றுக்குப் பெயர். தும்மல், கண்ணை மூடியது, வேறு எங்கோ பார்த்தது. திரையைவிட்டுக் கண் இரண்டு நொடிக்கு மேல் விலகினால் ஆள் போய்விட்டதாகப் பொறி எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காது.

வெள்ளிக்கிழமை காலை எட்வின் அவற்றைத் திறந்தான். பேச்சித்தாயின் வரிகள் ஒரே மாதிரி இருந்தன. திரைக்கு வெளியே, வலப்பக்கம், கீழே. அவளுடைய நோட்டு. ஐம்பது வரி பார்த்ததும் அவற்றுக்கெல்லாம் ஒருசேரச் சரி போட்டான்.

அதற்கு முந்தையவை ஹெப்சிபாவுடையவை.

திரைக்கு வெளியே. இடப்பக்கம், மேலே. மூன்று நிமிடம் பத்து நொடி.

திரைக்கு வெளியே. இடப்பக்கம், மேலே. ஒரு நிமிடம்.

திரைக்கு வெளியே. இடப்பக்கம், மேலே. ஆறு நிமிடம் நாற்பது நொடி.

அவன் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனான். வேறு திசை வரவில்லை. இரண்டு வருடம், எழுநூறு வரிகளுக்கு மேல். இருக்கை எப்போதும் ஒன்பது. எந்தத் தலைப்பிலும் அவள் கண் ஆறு நிமிடம் நின்றதில்லை.

கடிகாரம் இருக்குமோ? இல்லை, அது வாசலுக்கு மேலே. மின்விசிறியா? ஆறு நிமிடம் மின்விசிறியைப் பார்ப்பாளா?

கீழே போனான். பேச்சித்தாய் ஒன்பதாம் இருக்கையில் தன் சொந்த எண்ணைப் போட்டுவிட்டு, திரையைப் பார்க்காமல் நோட்டின் ஓரத்தில் கட்டம் வரைந்துகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்தாள்.

"சார், இது என்னோடதுதான் சார். பாருங்க, பத்து வழி."

"ஒரு நிமிசம் நான் ஒக்காந்துக்கிடுதேன்."

உட்கார்ந்தான். நாற்காலி தாழ்வாக இருந்தது. ஹெப்சிபா அவனைவிட நான்கு விரல் குட்டை. முதுகை வளைத்துக்கொண்டு திரையைப் பார்த்தான். பிறகு கண்ணை மட்டும் இடப்பக்கம், மேலே கொண்டுபோனான்.

இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஒரு சந்து. அதற்கு மேலே மாடியின் கண்ணாடித் தடுப்பு. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மேசை, அணைக்காமல் விட்டு வந்த திரை, நாற்காலி. அந்தக் கண்ணாடி வழியாக வரும் மேற்கு வெயில் கண்ணில் அடிக்காமலிருக்க, எட்வின் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே சுவரைப் பார்த்துத்தான் உட்காருவான். கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"என்ன சார் தெரியுது?"

"என் சீட்டு."

"ஆமா சார். இங்கன இருந்து பாத்தா ஒங்க முதுகுதான் தெரியும். நீங்க ரெண்டு கையாலயும் தலையச் சொறிஞ்சா இன்னைக்கு நெட்டு வராதுன்னு எங்க லேப்புல ஒரு பேச்சு உண்டு." சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்கிடாதிய."

"இல்ல" என்றான். அவள் பார்க்காமலிருக்க எழுந்து அலமாரிப் பக்கம் திரும்பி, கைக்கு வந்த ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தான். எதைப் பற்றிய புத்தகம் என்றுகூடத் தெரியவில்லை. எழுத்துகள் கலங்கின. பத்து மாதத்தில் இது முதல் தடவை.

பேச்சித்தாய் மெதுவாகக் கேட்டாள். "அந்த லாகின் அக்கா ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா சார்?"

"என் வீட்டுக்காரி."

அவள் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து அவன் பக்கமாக வைத்தாள்.

குடித்தான். "மத்தியானத்துக்கு மேல ஒங்க நம்பரப் போட்டுப் பாருங்க" என்றான். "அது நீங்களே படிச்சி உண்டாக்குனது. யாரோடதும் இல்ல. யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்."

மாடிக்குப் போனான். செல்லாதவை எழுநூறு வரிகளையும் ஒரு தடவை கடைசி வரை தள்ளிப் பார்த்தான். நகல் எடுக்க விதி இல்லை. எடுக்கவும் இல்லை. கட்டத்தில் நாள் எழுதினான், மாதம் எழுதினான், வருடம் எழுதினான். உறவு என்ற இடத்தில் கணவன் என்று எழுதினான். அதையே திரையிலும் ஏற்றியதும் பொறி உறுதிதானா என்று கேட்டது. ஆம் என்றான். 4417க்கு நேரே இருந்த விளக்கு அணைந்தது.

மூன்று மணிக்குச் சண்முகவடிவு கையெழுத்து வாங்க மேலே வந்தபோது அவன் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். வயர் எட்டவில்லை. அவர் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். நாற்காலி கண்ணாடியைப் பார்த்து நின்றது. கீழே ஒன்பதாம் இருக்கையில் பேச்சித்தாய் திரைக்கு மிக அருகில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வேகமாக எழுதினாள், நிமிர்ந்தாள், மறுபடி எழுதினாள்.

"மேக்க பாத்து ஒக்காந்தா வெயிலு கண்ணுல அடிக்குமேய்யா."

"அடிக்கட்டும் மேடம்" என்றான் எட்வின்.